ஸ்னூப் என்றால் உளவு பார்ப்பதா?

சொல்தேடி:
வணக்கம். 'ஸ்னூப்' என்ற சொல் குழப்புகிறது. அகராதியில் 'உளவு பார்' என்று இருக்கிறது. ஆனால் கூட வேலை பார்ப்பவர், "யாரோ என் டிராயரில் ஸ்னூப் பண்ணியிருக்காங்க" என்கிறார். டிராயரில் என்ன உளவு? போதாக்குறைக்கு, அலுவலகக் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் செட்டிங்கில் 'டிஎச்சிபி ஸ்னூப்பிங்' ஆனில் இருக்கிறது. எங்களை வேவு பார்க்கிறார்களா? ஆஃப் செய்துவிடலாமா?

வழிப்போக்கன்:
உளவு பார்ப்பது 'ஸ்பை'. அதற்குப் பின்னால் ஒரு நாடோ நிறுவனமோ இருக்கும். ஸ்னூப் அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அடுத்தவர் பையைக் குடைவது, போனை எடுத்து மெசேஜ் பார்ப்பது, இதெல்லாம்தான். டச்சு மொழியில் திருட்டுத்தனமாகத் தின்பண்டம் தின்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் கள்ளத்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்துக்கு நேரே துருவித் துருவிக் கேட்டால் அது 'ப்ரை'. ஒட்டுக் கேட்டால் 'ஈவ்ஸ்ட்ராப்'.

கேபிள்காரன்:
ஐயோ, ஆஃப் செய்யாதீர்கள்! அது உங்களுக்குக் காவல். டிஎச்சிபி என்பது கணினிகளுக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அடையாள எண், கொடுக்கும் முறை. யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அலுவலக நெட்வொர்க்கில் செருகினால், அதுவும் தன் பங்குக்கு ஐபி முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். டிஎச்சிபி ஸ்னூப்பிங் இருந்தால், 'நம்பகமானது' என்று குறித்த போர்ட் (கேபிள் செருகும் துளை) வழியாக வரும் டிஎச்சிபி சர்வர் பதிலை மட்டுமே ஸ்விட்ச் உள்ளே விடும். எந்த ஐபி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஒரு அட்டவணையும் வைத்துக்கொள்ளும். உங்கள் மெயிலை அது படிப்பதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஐபி கொடுக்கும் சர்வர் பக்கம் போகும் போர்ட்டை நம்பகமானதாகக் குறிக்க மறந்தால் யாருக்கும் ஐபி கிடைக்காது. அப்புறம் எல்லோரும் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

சொல்தேடி:
நன்றி, கை வைக்கவில்லை. வாக்கியத்தில் எப்படிப் போடுவது? ஆன், அரவுண்ட் எல்லாம் வருகிறதே? 'போலீஸ் கடத்தல்காரனை ஸ்னூப் செய்தது' என்று எழுதலாமா?

வழிப்போக்கன்:
ஆளை என்றால் 'ஸ்னூப் ஆன்'. இடத்தைச் சுற்றித் துழாவினால் 'ஸ்னூப் அரவுண்ட்'. ஒருவர் விவகாரத்தில் மூக்கை நுழைத்தால் 'ஸ்னூப் இன்டு'.

போலீஸ் வாக்கியத்தில் 'ஆன்' சேர்த்தால் இலக்கணம் சரிதான், தொனிதான் இடிக்கும். ஸ்னூப் என்றாலே செய்பவர் மீது ஓர் இளப்பம் வந்துவிடுகிறது. பிரிட்டனில் 2012இல் வந்த தகவல்தொடர்புத் தரவு மசோதாவை எதிர்த்தவர்கள் அதற்கு 'ஸ்னூப்பர்ஸ் சார்ட்டர்' (ஸ்னூப் செய்பவர்களின் சாசனம்) என்றே பெயர் வைத்தார்கள். போலீஸைத் திட்டும் எண்ணம் இல்லையென்றால் 'வாட்ச்' என்று போட்டுவிடுங்கள்.