தானமாக வந்த 14 குரோம்புக்கும் (கூகுள் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினிகள்) பூட்டியே கிடக்கின்றன, யாராவது விடுவித்திருக்கிறீர்களா?

மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். பெப்ரவரியில் கொழும்புக் கம்பனி ஒன்றின் ஊழியர்கள் தொண்டு நாள் என்று வந்து, சுவருக்குப் பெயின்ட் அடித்து, பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடி, 14 குரோம்புக்குகளும் தந்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் ஒன்றையாவது போட்டுப் பார்த்துத் தந்திருக்கலாம்.

எல்லாமே லெனோவோ 100இ, இரண்டாம் தலைமுறை. இங்கிலாந்தில் ஒரு பாடசாலை பாவித்தவை. ஒன்றின் மூடியில் பாதி உரிந்த யூனிகார்ன் ஸ்டிக்கர்கூட இருக்கிறது. போட்டால் வைஃபை பிடிக்கும், உடனே அந்தப் பாடசாலைக் கணக்கைக் கேட்கும். அதற்கு அப்பால் நகராது.

பவர்வாஷ், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்குவது, மூன்று தடவை செய்தேன். யுஎஸ்பி மூலம் இயங்குதளத்தையே புதிதாகப் போட்டேன். இணையம் கிடைத்ததும் மறுபடி அதே திரை. பூட்டு மெஷினுக்குள் இல்லை. வரிசை எண்ணை வைத்து கூகுள் பக்கம் பதிவாகியிருக்கிறது. அந்தப் பாடசாலையின் நிர்வாகி தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் திறக்கும். ஹட்டன் கடைக்காரர் மதர்போர்டை மாற்றலாம் என்றார். அந்தக் காசு இருந்தால் நான் ஏன் இங்கே எழுதுகிறேன்?

கம்பனியில் எங்களோடு கதைத்த தம்பி வேலையை விட்டுவிட்டார். இங்கிலாந்துப் பாடசாலையின் பொது மின்னஞ்சலுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. 14 வரிசை எண்களும், அதிபர் கையொப்பமிட்ட அன்பளிப்புக் கடிதமும் கையில் தயார்.

இப்படி வந்த குரோம்புக்கை விடுவித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அந்தப் பக்கம் யாருக்கு, எப்படி எழுதினால் வேலை நடக்கும்?