ஜப்பானிய மொழி தமிழர்களுக்கும் அவ்வளவு கடினமா?

கேள்வி: மயூர் விகார் வாசகர்

வேலை நிமித்தமாக ஆறு ஆண்டுகளுக்கு முன்பு தில்லிக்கு வந்தவன் நான். குருகிராமில் உள்ள எங்கள் நிறுவனத்துக்கு ஜப்பானிய வாடிக்கையாளர்கள் மிகுதி என்பதால், அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் உலகின் கடினமான மொழிகள் எவை என்று தேடினால் சீனம், ஜப்பானியம், கொரியம், அரபு ஆகிய நான்குமே முன்னால் வந்து நிற்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் இவை ஒவ்வொன்றுக்கும் 88 வாரங்கள், அதாவது சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறதாம். நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் ஒதுக்க இயலாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: லாஜ்பத் நகர், மொழிபெயர்ப்பாளர்

தம்பி, அந்தப் பட்டியல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. அதில் தமிழும் இந்தியும் ஒரே வகுப்பில், 44 வார மொழிகளாக இருக்கின்றன. நமக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

நான் ஜப்பானியம் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே, ஆங்கிலம் வழியாக யோசிப்பதை நிறுத்திவிட்டேன். ‘நான் நேற்று சாந்தினி சௌக்கில் புத்தகத்தை வாங்கினேன்’ என்பதை அவர்கள் ‘வதாஷி வா கினோ சாந்தினி சௌக் தே ஹோன் ஓ கைமாஷிதா’ என்பார்கள். நம்முடைய ‘இல்’ இருக்கும் இடத்தில் ‘தே’, ‘ஐ’ இருக்கும் இடத்தில் ‘ஓ’, கடைசியில் வினைமுற்று. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. இதைவிட வியப்பானவை துணைவினைகள். ‘மிரு’ என்றால் பார்த்தல். ‘தபேதே மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார்த்தல். ‘ஓகு’ என்றால் வைத்தல். ‘கத்தே ஓகு’ என்றால் வாங்கி வைத்தல். என்னுடன் படித்த ஓர் ஆங்கிலேயப் பெண் இதைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் போராடியபோது, எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கோரே, சோரே, ஆரே என்ற சுட்டுகளும் அப்படியே நம்முடைய இது, உது, அது. தமிழகத்தில் நாம் ‘உது’வை மறந்துவிட்டோம், யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள்.

இதனால் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படியோர் உறவை வலியுறுத்தினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது படிப்பவருக்குப் பெரிய வரம்.

பதில் 2: துவாரகா

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அந்த எளிமையை நம்பித்தான் நான் பாதியில் நின்றுபோனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓராண்டில் ஓரளவு பேசினேன். அலுவலகத்துக்கு வந்த ஒரு மின்னஞ்சலைப் படிக்க முடியவில்லை. சீனத்திலிருந்து வந்த எழுத்துகளை ‘காஞ்சி’ என்பார்கள்; அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வகுத்துள்ளவை மட்டும் 2,136. நாளுக்கு ஐந்து என்று ஒன்றையும் மறக்காமல் படித்தாலும் 14 மாதங்கள் ஆகும். அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ‘நிச்சியோபி’ என்று பெயர். அதை மூன்று எழுத்துகளால் எழுதுவார்கள். முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒன்றேதான், ஆனால் முதலில் ‘நிச்சி’, கடைசியில் ‘பி’. எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும் என்று பழகிய நமக்கு இது மிகவும் சோர்வு தருகிறது. நீங்கள் தொடங்கும்போதே இதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பதில் 3: கரோல் பாக், ஓய்வு பெற்றவர்

நான் 1981-இல் தில்லிக்கு வந்தேன். என்னைக் கேட்டால் கடினமான மொழி இந்திதான். நம் மொழியில் ஆண்பாலும் பெண்பாலும் மனிதருக்கும் தெய்வத்துக்கும் மட்டுமே. மேசையும் தயிரும் அஃறிணை என்பதோடு முடிந்தது. இந்தியிலோ உயிரற்ற ஒவ்வொன்றுக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. ‘கிதாப்’ பெண்பால், ‘காகஸ்’ ஆண்பால். ஈகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்று விதி சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீரும் நெய்யும் தயிரும் அதற்குள் அடங்கவில்லை. இறந்தகாலத்தில் ‘மைனே ரோட்டி காயி’ என்று ஓர் ஆண் சொல்லும்போது, வினை அவனை விட்டுவிட்டு ரொட்டியின் பாலைப் பிடித்துக்கொள்கிறது. ‘சாப்பிட்டேன்’ என்று தன்னைக் குறித்தே வினையை முடித்துப் பழகிய நாக்கு இதற்கு எளிதில் இணங்காது.

ஒலியும் அப்படியே. தட்டுக்கும் கைதட்டலுக்கும் அவர்கள் சொல்லும் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘தாலி’தான். மூச்சொலியின் வேறுபாட்டை என் காது பிடிக்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆயின. இங்கேயே பிறந்த என் பேத்தி ஒரு முறைகூடத் தவறியதில்லை.

பதில் 4: வசந்த் குஞ்ச்

சீனத்தைப் பற்றிச் சுருக்கமாக. வினை காலத்துக்கோ, நான், நீ, அவன் என்ற இடத்துக்கோ மாறாது, பால் இல்லை, இலக்கணம் இலகுவானது. ஆனால் ‘மாய்’ என்பதைக் குரலை இறக்கி ஏற்றினால் வாங்குதல், மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்றல். இத்தகைய சுரங்கள் நம் சொற்களில் இல்லை. எழுத்துச் சுமையும் ஜப்பானியத்தைவிடக் கூடுதல். உங்களுக்கு ஜப்பானியமே ஏற்றது.

கேள்வியாளர்

அனைவருக்கும் நன்றி. கரோல் பாக் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான், ஆறு ஆண்டுகளாக என் இந்தியில் எங்கே பிழை நேர்கிறது என்பது புரிந்தது. லாஜ்பத் நகர் அம்மா, காஞ்சியை எப்போது தொடங்க வேண்டும்?

லாஜ்பத் நகர், மொழிபெயர்ப்பாளர்

முதல் மாதம் ஹிராகனா, கடகானா என்ற இரண்டு ஒலியெழுத்து முறைகள் மட்டும் போதும். அவற்றின் வரிசை அ, க, ச, த, ந என்றே போகும். சமஸ்கிருத எழுத்து முறையிலிருந்து பௌத்தம் வழியாகச் சென்ற வரிசை அது. இரண்டாம் மாதத்திலிருந்து நாளுக்கு மூன்று காஞ்சி, தனி எழுத்தாக அல்லாமல் ஒரு சொல்லோடு சேர்த்து, கையால் எழுதிப் பழகுங்கள். துவாரகா நண்பரும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால் தெரிவியுங்கள்; சனிக்கிழமை மாலைகளில் மூவரும் சேர்ந்தே படிக்கலாம்.