கொட்டியாரக் குடாவில் தொடங்கும் வரலாறு

அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்தே வரலாற்றுப் பாடத்தை வெறுத்துப்போனவன் நான். பரீட்சைக்குப் பின் அந்தப் பக்கமே போவதில்லை என்றிருந்த என்னை மாற்றியது, திருகோணமலை உவர்மலையில் எங்கள் அயலில் வாழ்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரவல் தந்த ஒரு நூல்; பதினேழாம் நூற்றாண்டில் இலங்கையில் கைதியாயிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் எழுதியது. "முதற்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம் தம்பி, நாலாம் பாகத்தை முதலில் வாசியும்" என்று சொல்லித்தான் தந்தார்.

அப்படிச் சொல்லாதிருந்தால் இருபது பக்கத்தோடு மூடி வைத்திருப்பேன். 1681இல் லண்டனில் அச்சான அந்நூலின் முதல் மூன்று பாகங்களும் இலங்கையின் விளைபொருள்கள், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சி, மக்களின் வழக்கங்கள் என்று விரிய, நான்காவதில்தான் நொக்ஸ் தன் கதைக்கு வருகிறார். புயலில் பாய்மரத்தை இழந்த கப்பலைச் சீர்செய்வதற்காக எங்கள் ஊரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் வந்தவர்கள், 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அப்போது நொக்ஸுக்கு வயது 19. கப்பல் தலைவரான தந்தை அடுத்த ஆண்டே நோயில் இறந்துபோக, உடலை அடக்கம் செய்ய உதவி கேட்ட மகனிடம் ஊரவர்கள், மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகலாம் என்றார்களாம். எந்தப் பாடநூலும் எனக்கு அந்தக் காலத்தை இவ்வளவு அருகில் காட்டியதில்லை. தொப்பி பின்னி விற்றுப் பிழைத்த அவர், பல ஆண்டுகளுக்குப் பின் ஆங்கில விவிலியம் ஒன்றைக் கண்டு, அதையும் ஒரு தொப்பி கொடுத்தே வாங்கிக்கொள்கிறார்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படுவதற்கு முந்திய காலம் அது. நூலை முடித்த வாரமே படகேறி, அந்தக் குடாவின் கரையிலுள்ள மூதூருக்குப் போனேன். மாலையே திரும்பியும் விட்டேன். நொக்ஸுக்கோ இத்தீவை விட்டு வெளியேற 19 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவும் இந்தக் கரையால் அல்ல, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டை வழியாக.

மூதூரிலிருந்து வாசகர் ஒருவரின் மறுமொழி:

அந்த ஆசிரியர் ஐயா சொன்ன வரிசையிலேயே நானும் வாசித்தேன். குட்டன்பேர்க் திட்டத்தின் இணையதளத்தில் ஆங்கில மூலம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும், தன்னைச் சிறைவைத்த அரசனைப் பற்றி ஒரு கைதி எழுதியது என்பதை இரண்டாம் பாகம் முழுவதிலும் மறக்கக்கூடாது. பழைய ஆங்கிலமும் சிரமம் தரும். எழுத்துக்கூட்டல் ஓரிரு நாளில் பழகிவிடும், சொற்பொருள்தான் ஏமாற்றும். அக்கால ஐரோப்பியர் தமிழரை 'மலபார்' என்றே எழுதினார்கள். இதை அறியாமல், தப்பியோடும் வழியில் அனுராதபுரத்தில் அவர் சந்தித்த, சிங்களம் விளங்காத 'மலபார்' மக்களை நான் இரண்டாம் வாசிப்பு வரையில் கேரளத்தவர் என்றே நினைத்திருந்தேன்.