டவர் போகவில்லை, நம்பர்தான் போயிருந்தது

2021 அக்டோபர், குறுவை அறுவடை நேரம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு அப்பா கணக்கில் பணம் ஏறி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காலை பத்து மணிவாக்கில் அவருடைய பட்டன் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மழைக்கு டவர் போயிருக்கும் என்று திண்ணையில் வைத்துவிட்டார். என்னுடையதும் அதே கம்பெனி சிம்தான். அதில் கோடு நிறைய இருந்தது. சாயங்காலம்தான் அதைக் கவனித்தேன். அந்த ஏழு மணி நேரம் இன்னும் என்னை உறுத்துகிறது.

கடைக்கு ஓடினால், "காலையிலேயே டூப்ளிகேட் சிம் வாங்கிட்டீங்களே" என்றார்கள். புது சிம் ஏறியதும் பழையது செத்துவிடும். வங்கி எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஓடிபி எண் எல்லாம் அந்த சிம்மை வாங்கிய மோசடிக்காரன் கைக்குத்தான் போகும். முந்தின வாரம் ஒருவன் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அப்பாவிடம் கார்டு விவரத்தை வாங்கியிருக்கிறான். ஓடிபியை மட்டும் அப்பா சொல்லவில்லை, நான் படித்துப் படித்துச் சொன்னதால். அதனால்தான் நம்பரையே தூக்கிவிட்டார்கள். 48 ஆயிரம் போனது.

2022 இறுதியில்தான் சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்று விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் நமக்குத் தெரிந்தால்தான் பிரயோஜனம். சிக்னல் போனால் அதே கம்பெனி சிம் உள்ள பக்கத்து வீட்டுப் போனைப் பாருங்கள். அதில் இருந்தால் உடனே வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் பேசுங்கள்.

திருவையாற்றிலிருந்து:
அண்ணே, என் தங்கைக்கு வேறு மாதிரி. கூரியர் என்று ஒருவன் பேசி, ஸ்டார் 401 ஸ்டார் போட்டு ஒரு நம்பரை அடிக்கச் சொன்னான். அடித்துவிட்டாள். அப்புறம் அவளைக் கூப்பிட்டால் யாரோ ஒரு ஆள் "ஹலோ" என்கிறான்! வந்த அழைப்பெல்லாம் அவனுக்குத் திரும்பியிருக்கிறது. வாட்ஸாப்பையும் குரல் அழைப்பு ஓடிபி வாங்கிப் பிடித்துக்கொண்டான். ##002# அடித்த பிறகுதான் திசை திருப்பல் நின்றது.

வேதாரண்யத்திலிருந்து:
நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டும் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தேன். நாங்கள் வாங்கியது மூன்று சிம், என் பெயரில் காட்டியது நான்கு. என்னுடையது இல்லை என்று அங்கேயே புகார் கொடுத்துவிட்டேன். சரி, உங்கள் பணம் வந்ததா அண்ணே?

மன்னார்குடி:
பாதிதான் தம்பி. மூன்று வேலை நாளுக்குள் எழுதிக் கொடுத்தோம். நம் தவறில்லாத மோசடியை அந்த நாளுக்குள் சொன்னால் இழப்பு நம் தலையில் விழாது என்கிற 2017 ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையையும் காட்டினோம். கார்டு விவரத்தைச் சொன்னது நீங்கள்தானே என்று எட்டு மாதம் இழுத்தார்கள். சம்பாவுக்கு உரம் கடனில்தான் வாங்கினோம்.