1613க்கு முன்னால் பழவேற்காடு வெறும் மணல்மேடா?

சூலூர்ப்பேட்டையான்: நேற்று இங்கே ஒரு மேதாவி, "பழவேற்காட்டை உண்டாக்கியதே டச்சுக்காரர்கள்தான், 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழும்பும் வரை அது வெறும் மணல்மேடு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டைக்கு நூறு வருஷம் முன்பே அது விஜயநகரத் துறைமுகம். போர்த்துகீசியர் பார்போசா எழுதி வைத்திருக்கிறார். இங்கிருந்து மலாக்காவுக்குத் துணி போனது, பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கம் வந்தது. மணல்மேட்டிலா மாணிக்கம் விற்றார்கள்?

கோட்டைப்பித்தன்: அந்த மேதாவி நான்தான். நாலு கப்பல் நின்றால் அது ஊராகிவிடுமா? கோட்டை, நாணயச்சாலை, வெடிமருந்து ஆலை எல்லாம் டச்சுக்காரர் தந்தது. அவர்கள் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள், புரியும்.

சூலூர்ப்பேட்டையான்: கல்லறையைப் பார்த்து ஊருக்கு வயது சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். 1612இல் சாந்தோமிலிருந்து போர்த்துகீசியர் வந்து தாக்கினார்களே, மணலையா தாக்கினார்கள்?

கோட்டைப்பித்தன்: டச்சுப் பண்டகசாலையைத் தாக்கினார்கள். என் கட்சிக்கே வாதாடுகிறீர்கள், நன்றி.

சூலூர்ப்பேட்டையான்: வியாபாரமே இல்லாத இடத்தில் கடை போட டச்சுக்காரன் என்ன முட்டாளா? விஜயநகர அரசரிடம் அனுமதி வாங்கித்தான் 1610இல் உள்ளே வந்தான். ஆலைப் பெருமை பேசுகிறவர், அதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதை மட்டும் விட்டுவிட்டார்.

தடா தம்பி: அண்ணே, கோட்டையை விடுங்கள். பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் தூர்ந்து கடல்நீர் வராமல் இறாலும் மடவையும் குறைந்துகொண்டே போகிறது.

ஆரம்பாக்கம் மணி: ஏரியின் பெரும்பகுதியை ஆந்திராவில் வைத்துக்கொண்டு, ஸ்ரீஹரிக்கோட்டாவுக்கு ஏரிக்குக் குறுக்கே ரோடு போட்டு நீரோட்டத்தை மறித்தது யார்? அதைக் கேளுங்கள் தம்பி.

சூலூர்ப்பேட்டையான்: ராக்கெட் தளத்துக்கு மத்திய அரசு போட்ட ரோடு அது. எங்களைக் கேட்டா போட்டார்கள்? எங்கள் சூலூர்ப்பேட்டை ஆந்திராவில் இருந்தாலும் நானும் தமிழன்தான் மணி. வடக்கே ராயதொருவு, தூப்பிலிபாளையம் முகத்துவாரங்கள் தூர்ந்தபோது உங்கள் பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூநாரை பார்க்க மட்டும் ஜனவரியில் கார் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள்.

ஆரம்பாக்கம் மணி: எல்லை தாண்டி வந்து எங்கள் பாட்டில், அதாவது நாங்கள் முறைவைத்து மீன் பிடிக்கும் இடத்தில், வலை போட்டது யார் என்று சொல்லட்டுமா?

தடா தம்பி: ஆரம்பித்துவிட்டார்கள்.

கோட்டைப்பித்தன்: 1613. மறக்க வேண்டாம்.

சூலூர்ப்பேட்டையான்: 1613இல் கட்டியது கோட்டை. கோட்டை! ஊர் அல்ல. உங்கள் ஆட்கள் 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்களே, ஊரும் கூடவே மூட்டை கட்டியதா?

கோட்டைப்பித்தன்: கட்டவில்லை, படுத்துவிட்டது. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

ஆரம்பாக்கம் மணி: வலை விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.