கடைசிப் பாகத்தை எப்படி முடிக்கிறது? டிலனாயை ஊருக்கு அனுப்பலாமா?

களியக்காவிளை_சித்தி:
எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக மூன்று வருடமாக ஒரு சரித்திரக் கதைத் தொடர் எழுதி ஞாயிறுதோறும் வாசித்துக் காட்டுகிறேன், எல்லாரும் பத்து, பன்னிரண்டு வயதுதான். முதல் பாகத்தில், பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்ட வர்மா, தன்னை எதிர்த்த பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாருக்குத் தப்பி நெய்யாற்றின்கரையில் அம்மச்சி பிலா என்ற பலா மரத்தின் பொந்தில் ஒளிகிறார். இரண்டாவது 1741 குளச்சல் சண்டை. கடலோரப் பையன் சூசை (என் கற்பனை, அப்போது வயது 12) மற்ற முக்குவ மீனவர்களோடு துடுப்பைத் தோளில் துப்பாக்கி மாதிரிச் சாய்த்து நின்று டச்சுக்காரனை ஏமாற்றுகிறான். ஊரில் சொல்கிற கதைதான், ஆனால் பிள்ளைகள் கை தட்டித் தீர்த்துவிட்டார்கள்.

இப்போது கடைசிப் பாகம். பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாய் கப்பலேறி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அக்கா மகன் அடம் பிடிக்கிறான். அவர் போகவே இல்லையே, மன்னரிடமே சேர்ந்து பட்டாளம் பழக்கினாரே! அதைவிடப் பெரிய சிக்கல், கிறிஸ்தவராக மாறின தேவசகாயம் பிள்ளை. பிலாப் பொந்தில் இருந்தவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்ட பிள்ளைகளிடம், அவருடைய ஆட்சியில்தான் 1752இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள் என்று எந்த வாயால் சொல்வது?

நெய்யாற்றின்கரைக்காரன்:
சேச்சி, 1741லேயே முடித்துவிடுங்கள். ஜெயித்தார்கள், வெடி போட்டார்கள், பாயசம் குடித்தார்கள், சுபம். சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சாவெல்லாம்?

தக்கலை_பழைய_வாத்தியார்:
அப்படி முடித்தால் அது இரண்டாம் பாகத்தின் வால், கடைசிப் பாகம் ஆகாது தம்பி. மன்னர் பிற்பாடு அந்தப் பிள்ளைமாரைக் கொன்றதையும் முதல் பாகத்தில் மெல்ல நழுவ விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால்தான் இப்போது மன்னர் திடீரென்று மாறின மாதிரித் தெரிகிறது. அவர் மாறவில்லை அம்மா, பொந்தில் ஒளிந்தபோதும் அதே ஆள்தான். தேவசகாயம் பத்மநாபபுரத்து அரண்மனை அதிகாரி, டிலனாயிடமிருந்து கிறிஸ்தவத்தை அறிந்து 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினவர். கொன்றதற்குக் காரணம் என்ன என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், அந்த வழக்கைப் பிள்ளைகள் முன்னால் நீங்கள் விசாரிக்க வேண்டாம். சூசைக்கு அப்போது 23 வயது. அவன் டிலனாயிடம் போய், "உம்ம கூட்டாளியைக் கொன்னுட்டாங்களே, இன்னுமா இவருக்குப் பட்டாளம் பழக்குறீர்?" என்று கேட்கட்டும். பதிலை டிலனாய் சொல்லாமலே இருக்கலாம்.

கடலோரவாசி:
வாத்தியார் சொன்னதுதான். கப்பல் ஆசையையும் வீணாக்காதீர்கள் அக்கா. சூசை ஒரு கட்டுமரத்தைத் தயார் பண்ணி ராத்திரியில் கூப்பிடட்டும், டிலனாய் கரை வரைக்கும் வந்து திரும்பிப் போகட்டும். வலிய கப்பித்தான் (பெரிய கேப்டன்) என்று பெயர் வாங்கி 1777இல் இங்கேயே செத்தார், உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கும். கடைசி அத்தியாயத்தில் சூசை அந்தத் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தால் போதும். குளச்சலில் துடுப்பு பிடித்தவனுக்கு எழுத்து யார் கற்றுக்கொடுத்தது என்பதை மட்டும் நடுவில் எங்கேயாவது வைத்துவிடுங்கள்.

களியக்காவிளை_சித்தி:
வாத்தியாரே, கண்டுபிடித்துவிட்டீர்கள், பிள்ளைமார் சாவை ஒரே வரியில்தான் தாண்டினேன். அதைத் திருத்தி எழுதிவிட்டுத்தான் மூன்றாவதில் கை வைக்கணும்.

கட்டுமர யோசனையை அக்கா மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம், "1777ல சூசைக்கு 48 வயசா? அப்பாவை விடக் கிழவன்" என்று முகத்தைச் சுளித்தான். டிலனாய் திரும்பிப் போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாரையும் உதயகிரிக்குக் கூட்டிப் போகிறேன், கல்லறையைப் பார்த்த பிறகு என்ன சொல்கிறான் என்று பார்ப்போம்.