மனோரமா ஆச்சி நடித்த சீரியல்கள் நினைவிருக்கிறதா? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மனோரமா ஆச்சியின் நடிப்பு வாழ்க்கையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதி வருகிறேன். சினிமா பகுதி ஓரளவு முடிந்துவிட்டது. பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் பெயரெடுத்து, 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' மூலம் திரைக்கு வந்தவர். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவே நடித்தார். ஆனாலும் நகைச்சுவைதான் அவருடைய இடமாக நிலைத்தது. என்னைக் கேட்டால் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணிதான் உச்சம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொண்டை அடைத்துவிடும். அப்புறம் 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ.

நான் தடுமாறி நிற்பது தொலைக்காட்சிப் பகுதியில்தான். அவர் நடித்த தொடர்களை நீங்களோ வீட்டுப் பெரியவர்களோ பார்த்திருந்தால், தொடரின் பெயர், அவருடைய பாத்திரம், எந்தச் சேனல், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். ஒரே ஒரு காட்சி மட்டும் நினைவில் இருந்தாலும் எழுதுங்கள், அதுவே பெரிய உதவி. பழைய வார இதழ்ப் பேட்டிகள், நாடக நோட்டீஸ்கள் வைத்திருப்பவர்கள் போட்டோ எடுத்துப் போட முடியுமா?

நகைச்சுவை நடிகை என்றாலே நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆயிரம் படங்களைத் தாண்டியவருக்கு அது போதாது.